விக்கிரமனும் விக்ரமும்: ஒரு பெயரின் ஈற்றில் தேசம்

2022 ஜூன் 3-ஆம் தேதி லோகேஷ் கனகராஜின் ‘விக்ரம்’ வெளியானது. அடுத்த வாரம் பெர்ன்ஹில்லில் ஒரு டீக்கடையில் இரண்டு கமல் ரசிகர்கள் மோதிக்கொண்டார்கள். ஒருவர், ஊட்டிக்காரர்கள் எச்.பி.எஃப். என்று சொல்லும் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸில் வேலை பார்த்து விருப்ப ஓய்வில் வந்தவர். மற்றவர் சுற்றுலா வண்டி ஓட்டும் இளைஞர். பெரியவர் 1986-இல் வந்த ‘விக்ரம்’ படத்தை வெளியான வாரத்திலேயே பார்த்தவர். அவர் சொன்னது:

“தம்பி, எங்க விக்ரம் நாட்டுக்காகப் போனான். உங்க விக்ரம் வீட்டுக்காகப் போறான். அதுல ராக்கெட்டு, இதுல பவுடரு. அவ்வளவுதான் வித்தியாசம்.”

விக்ரம் படங்களைப் பற்றி அச்சில் வந்த பல விமர்சனங்களை நான் படித்திருக்கிறேன். இந்த இரண்டு வரியில் அடங்காத புதுக் கருத்து அவற்றில் குறைவு. முதல் படம் தேசப்பற்று அறிவியல் கதை, மறு ஆக்கம் அறிவியலையும் தேசத்தையும் உதறிவிட்டுக் குடும்பத்துக்குள் சுருங்கியது என்பதுதான் பரவலான வாசிப்பு. அதை மிகக் கூர்மையாகச் சொன்னவர் என்பதால், இக்கட்டுரையில் எதிர்வாதத்துக்குரிய முன்னோடியாக அந்தப் பெரியவரையே வைத்துக்கொள்கிறேன். அவர் சொன்னதில் பாதி சரி. மற்ற பாதி நினைவின் பிழை என்பது என் வாதம்.

1986 படத்தின் கதை பலருக்கும் தெரியும். ராஜசேகர் இயக்கம், சுஜாதா கதை, இளையராஜா இசை, தயாரிப்பு கமலின் சொந்த நிறுவனம். அக்னிபுத்ரா என்னும் இந்திய ஏவுகணை கடத்தப்பட்டு, சலாமியா என்ற கற்பனை நாட்டுக்குப் போய்விடுகிறது. அதை மீட்கவோ முடக்கவோ உளவாளி விக்ரமும் கணினி நிபுணர் ப்ரீத்தியும் (லிஸி) அனுப்பப்படுகிறார்கள். சத்யராஜின் சுகிர்தராஜா, அம்ஜத் கானின் சுல்தான், டிம்பிள் கபாடியாவின் இளவரசி எல்லாம் இதற்குப் பின்னால் வருகிறவர்கள்.

பெரியவரின் வாசிப்பு முதலில் சறுக்குவது தொடக்கத்திலேயே. விக்ரம் நாட்டுக்காகப் புறப்படவில்லை. அவன் மனைவி (அம்பிகா) கொல்லப்படுகிறாள், அதற்குப் பிறகுதான் அவன் புறப்படுகிறான். அரசு அழைத்தது உண்மை, ஆனால் அவனைக் கிளப்பியது சிதை. 2022-இல் மகனின் (காளிதாஸ் ஜெயராம்) சாவுக்காகக் கிளம்பும் தகப்பனுக்கும் இவனுக்கும் இந்த இடத்தில் வேறுபாடு இல்லை. நாட்டிலிருந்து வீட்டுக்கு என்று ஒரு சரிவுக்கோடு போடுகிறவர்கள், 1986-இன் முதல் அரைமணி நேரத்தை மறந்துவிட்டுப் போடுகிறார்கள்.

அடுத்தது ராக்கெட். தேசப் பெருமிதத்தின் சின்னம் என்று அதைச் சொல்வதற்கு அந்தக் காலம் இடம் தருகிறது. 1980 ஜூலையில் எஸ்.எல்.வி.-3 ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்தது. 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா சோவியத் கலத்தில் விண்வெளிக்குப் போனார். இடையில் 1983-இல் ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் தொடங்கியது. ஆனால் படத்தில் அந்த ஏவுகணை எதையாவது சாதிக்கிறதா? கதை முழுக்க அது இந்தியா செய்து, இந்தியாவிடமிருந்து பறிபோய், இந்திய நகரத்தையே குறிவைக்கும் ஆயுதம். அதன் மேல் யாரும் பெருமையோடு கைவைத்து நிற்பதில்லை, எல்லோரும் பதறுகிறார்கள். சுஜாதா எண்பதுகளில் எழுதிய ‘என் இனிய இயந்திரா’வையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். அதில் நாட்டை ஆளும் ஜீவா கடைசியில் வெறும் ஒளிப்பிம்பம் என்று தெரியவருகிறது. சுஜாதா என்கிற எஸ். ரங்கராஜன் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர், வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கு கொண்டவர். அரசின் இயந்திரங்களை உள்ளேயிருந்து பார்த்த ஆள் அவற்றைப் பற்றிக் கதை எழுதும்போது கை தட்டவில்லை, சந்தேகப்பட்டார்.

இனி நான் நின்று பார்க்க விரும்பும் ஒரே சொல்: அக்னிபுத்ரா.

தமிழில் வடசொல் புகும்போது அதற்கு ஓர் ஈறு கிடைக்கும். ராம என்பது ராமன், அசோக என்பது அசோகன், யோக என்பது யோகம், புத்ர என்பது புத்திரன். இது நன்னூல் காலத்துக்கும் முந்தைய பழக்கம். இந்த வழியில் போனால் ஏவுகணைக்குப் பெயர் ‘அக்கினிபுத்திரன்’. ஆனால் படத்தில் எல்லோரும் உச்சரிப்பது ‘அக்னிபுத்ரா’. கடைசி நெடில் எங்கிருந்து வந்தது? வடமொழியிலிருந்து வரவில்லை. அங்கே புத்ர என்று குறில்தான். இந்தியிலும் புத்ர் என்று மெய்யோடு நின்றுவிடும். அது ரோமன் எழுத்திலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் எழுதி, கடைசி எழுத்தைப் பார்த்து நெடிலாகப் படித்தால் வருவது. அசோகா ஓட்டல், யோகா வகுப்பு என்று நாம் சொல்வது இதே வழியில்தான். 1975-இல் ஏவிய முதல் செயற்கைக்கோளைத் தமிழ்ப் பத்திரிகைகள் ஆரியபட்டா என்று எழுதின. தமிழ் மரபில் அந்தக் கணித அறிஞர் ஆரியபட்டர். 1979-இல் பாஸ்கரா. பாஸ்கரன் என்று பெயர் வைத்த தகப்பன்மார் தெருவுக்கு நாலு பேர் இருந்த ஊரில் செயற்கைக்கோள் மட்டும் பாஸ்கரா.

ஆக அந்த -ஆ ஈறு மத்திய அரசு வைக்கும் பெயரின் முத்திரை. கோப்பில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, செய்திக்குறிப்பில் இறங்கி, தமிழ் நாக்குக்கு வரும்போது நீண்டுவிடும் ஒலி அது. படத்தில் தேசம் கொடியாகவோ கீதமாகவோ வருவதைக் காட்டிலும் இந்த ஒரு ஒலியில் அழுத்தமாக வருகிறது என்பது என் துணிபு. சுஜாதா இதைத் திட்டமிட்டுச் செய்தாரா என்று கேட்டால் பதில் இல்லை. காது கூர்மையானவர், அரசுப் பெயர்களை நாள்தோறும் கேட்டவர் என்பது வரை சொல்லலாம். 1989 மே 22-இல் சந்திப்பூரிலிருந்து ஏவப்பட்ட அக்னி ஏவுகணையின் பெயர் அவருக்கு முன்பே தெரிந்திருக்கும் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆசை சான்றாகாது. அக்னி என்பது வேதகாலத்திலிருந்து யாரும் எடுத்துக்கொள்ளக் கிடக்கும் பெயர், இரண்டு பேர் தனித்தனியே எடுத்திருக்கலாம்.

இந்த ஈற்று விவகாரம் எனக்குப் புரிந்தது ஏடுகளில் இல்லை, பேருந்துப் பலகையில். ஊட்டியிலிருந்து எச்.பி.எஃப். போகும் பேருந்தில் ‘இந்துநகர்’ என்று எழுதியிருக்கும். 1960-இல் தொடங்கி 1967-இல் உற்பத்திக்கு வந்த ஃபிலிம் தொழிற்சாலையின் வணிகப்பெயர் இந்து, வடமொழியில் நிலா. தமிழில் எழுதினால் மதப்பெயருக்கும் நிலாவுக்கும் ஒரே எழுத்து. பலகையைப் படிக்கும் சுற்றுலாப் பயணி எதை நினைத்துக்கொள்வார் என்று டில்லியில் பெயர் வைத்தவருக்குத் தோன்றியிருக்காது. அந்தத் தொழிற்சாலையில் சம்பளம் வாங்கிய பெரியவருக்கு ‘நாடு’ என்றால் அரசு நிறுவனம், ராக்கெட், சொந்த ஃபிலிம். அவர் வாசிப்பின் உருக்கம் அங்கிருந்து வருகிறது. தொழிற்சாலை மூடிப்போன பிறகு ராக்கெட் இல்லாத விக்ரம் அவரைச் சுட்டதில் வியப்பில்லை. முத்தோரையில் 530 மீட்டர் நீளத்துக்கு மலைச்சரிவில் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கியையும் (1970), அருவங்காட்டு வெடிமருந்து ஆலையையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அறிவியல் என்பதே அரசின் மறுபெயர்.

படத்தின் தலைப்புக்கே வருகிறேன். விக்ரம் என்பதும் தமிழ் வடிவம் இல்லை. அம்புலிமாமாவில் வேதாளத்தைத் தோளில் சுமந்தவன் விக்கிரமன். விக்ரம் என்று மெய்யில் நிறுத்துவது இந்தி உச்சரிப்பு. 1985-இல் தூர்தர்ஷன் காட்டிய வேதாளத் தொடரில் அவன் விக்ரம் ஆகிவிட்டான். விக்ரம் சாராபாயின் பெயரால் திருவனந்தபுரத்தில் விண்வெளி மையம் இருப்பதையும், 2023 ஆகஸ்டில் நிலவில் இறங்கிய தரையிறங்கு கலத்துக்கும் அதே பெயர் என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம். ராக்கெட் கதையின் நாயகனுக்கு அந்தப் பெயர் வந்ததில் சாராபாய் நினைவு இருந்தது என்று நிறுவ என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு தமிழ் உளவாளிக்கு இந்தி நாக்கின் பெயர் பொருத்தமாகத் தோன்றிய காலம் அது என்பது வரை நிச்சயம்.

இதற்கு எதிர்ச்சான்றும் படத்துக்குள்ளேயே இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. சலாமியாவுக்கென்று ஒரு மொழி படைத்தார்கள். அதற்கும் விருந்தாளிகளுக்கும் இடையே ஜனகராஜ் மொழிபெயர்ப்பாளராக வருகிறார். அவர் மொழிபெயர்ப்பது எந்த மொழிக்கு? தமிழுக்கு. உலக அரங்கில் இந்தியாவின் மொழி தமிழ் என்று அந்தக் காட்சிகள் கூச்சமில்லாமல் எடுத்துக்கொள்கின்றன. தமிழ்ப் படத்தில் எல்லோரும் தமிழ்தானே பேசுவார்கள், இதில் என்ன இருக்கிறது என்பார்கள். வழக்கமான படத்தில் அரேபியனும் வெள்ளைக்காரனும் நேரடியாகத் தமிழ் பேசிவிடுவார்கள். இங்கே அப்படி விடாமல், அயல்மொழி ஒன்றைக் கட்டி, நடுவில் ஆள் வைத்து, அவரைச் சிரிக்கச் சிரிக்கப் பேசவைத்தார்கள். மொழியைக் கவனிக்கச் சொன்னது படமே. அதே 1986 நவம்பரில் இந்தி எதிர்ப்பில் தி.மு.க. அரசியல் சட்டத்தின் மொழிப் பகுதியை எரித்தது, அக்கட்சியின் 10 சட்டமன்ற உறுப்பினர்கள் பதவி இழந்தார்கள். படம் மே மாதத்தில் வந்துவிட்டதால் இதை அதற்குக் காரணமாகவோ விளைவாகவோ காட்ட முடியாது. காற்றில் இருந்தது என்று மட்டும் வைத்துக்கொள்வோம். ஏவுகணைக்கு டில்லி ஈறு, மொழிபெயர்ப்பாளருக்குத் தமிழ்: இரண்டும் ஒரே படத்தில் சண்டையில்லாமல் இருந்தன.

2022 படத்தில் அந்தச் சமாதானம் இல்லை. அரசு கைவிட்ட ரகசியப் படை, கடத்தல்காரனோடு கைகோத்த காவல் தலைவர், அவர்களுக்கு எதிரே பேரனுக்குப் பால் தேடும் தாத்தா. சலாமியா இல்லை, அக்னிபுத்ரா இல்லை. பழைய தலைப்புப் பாடல் புது ஒலியில் திரும்பி வந்தபோது திரையரங்கில் விசில் பறந்தது. இது அதே விக்ரமா, பெயரை மட்டும் வாங்கிக்கொண்ட வேறொருவனா என்பதில் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். படம் வெளியாகும் முன்பே ‘கைதி’யை மறுபடி பார்த்துவிட்டு வாருங்கள் என்று இயக்குநர் கேட்டுக்கொண்டதால், 1986-ஐவிட 2019-தான் இதன் முன்கதை என்று வாதிட்டவர்களும் உண்டு.

ஆனால் தேசம் இதில் காணாமல் போய்விட்டது என்பதை நான் ஏற்கவில்லை. அது வேறு சொல்லில் வந்திருக்கிறது. 2022 மே மாதம் வெளியான, கமலே சென்னைத் தெருத்தமிழில் எழுதிப் பாடிய பாட்டில் ‘ஒன்றியம்’ என்ற சொல் இருந்தது. உடனே காவல்துறையில் புகார் போனது. அதற்கு முந்தைய ஆண்டுதான் தமிழக அரசு ‘மத்திய அரசு’ என்பதை விட்டு ‘ஒன்றிய அரசு’ என்று எழுதத் தொடங்கியிருந்தது. அரசியல் சட்டத்தின் முதல் பிரிவு இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்றுதான் சொல்கிறது. ஆயினும் அந்தச் சொல் காதில் விழுந்ததும் சிலருக்குச் சுட்டது. பாடியவர் அப்போது வெறும் நடிகர் இல்லை, கட்சித் தலைவர். 2021 தேர்தலில் கோவை தெற்கில் 1,728 வாக்குகளில் தோற்றவர். 1986-இல் தேசம் ஒரு ராக்கெட்டின் மேல் வடக்கத்தி ஈற்றோடு வந்தது, யாரும் புகார் கொடுக்கவில்லை. 2022-இல் தமிழ் ஈற்றோடு ஒரு பாட்டில் வந்தது, புகார் வந்தது. தேசம் மறைந்த படத்துக்கு எதற்குப் புகார்?

டீக்கடைக்குத் திரும்புகிறேன். பெரியவர் பேசி முடித்ததும் இளைஞர் டீ கிளாஸை வைத்துவிட்டுக் கேட்டார்:

“நாடு நாடுங்கிறீங்களே மாமா, எந்த நாடு?”

அவருடைய பாட்டி 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து, தமிழக அரசின் டேன்டீ தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அங்கே இருந்தவரை இந்தியாக்காரி, இங்கே வந்த பிறகு சிலோன்காரி. இந்த மலையின் படகர்களைக் கேட்டால் தொதநாடு, மேக்குநாடு என்று ஊர்த் தொகுதிகளையே நாடு என்பார்கள். பெரியவரிடம் அந்தக் கேள்விக்குப் பதில் இருந்திருக்கும், ஆனால் அவர் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். நாடு, வீடு என்று இரண்டு பெட்டிகளில் படங்களைப் போடும் வாசிப்பு எந்த இடத்தில் உடைகிறது என்பதை எனக்குக் காட்டியது அந்த இளைஞர்தான்.

முடிக்காமல் விடும் ஒன்று உண்டு. சுஜாதாவின் ‘விக்ரம்’ கதை குமுதத்தில் தொடராக வந்தது. எண்பதுகளின் வார இதழ் அச்சில் கிரந்தமும் தமிழ் ஈறும் வாரத்துக்கு வாரம் மாறும் என்பதை அந்த இதழ்களைப் புரட்டியவர்கள் அறிவார்கள். அட்டை கிழிந்தாலும் பரவாயில்லை, அந்த இதழ்களைப் பரணில் வைத்திருப்பவர்கள் ஏவுகணையின் பெயர் எந்தெந்த அத்தியாயத்தில் எப்படி அச்சாகியிருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டுகிறேன். ஓரிடத்திலாவது ‘புத்திரன்’ என்று இருந்தால் என் வாதத்தில் பாதியைத் திருத்த வேண்டியிருக்கும்.