குரல் வகுத்த அகலம்: டிஜிட்டல் தொலைபேசித் தடங்களும் ஒரு சிறு நகரமும்

சங்கரன்கோவிலின் எஸ்டிடி குறியீடு 04636. டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகள் வந்தபின் அந்த வட்டாரத்துத் தரைவழித் தொலைபேசியிலிருந்து வெளியூருக்குக் கிளம்பிய ஒவ்வொரு குரலும் நொடிக்கு 64,000 பிட் என்ற ஒரே அளவில்தான் பயணம் செய்தது. நூல் விலை கேட்ட விசைத்தறிக்காரருக்கும் அதே அளவு. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வரும் மகனிடம் பேசிய தாய்க்கும் அதே அளவு. இந்த 64 கிலோபிட் செம்புக் கம்பியால் தாங்க முடிந்த எல்லை என்று பரவலாக நம்பப்படுகிறது. வரலாற்றைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அது மனிதக் குரலுக்கு எடுத்த அளவு. அந்த அளவில் தைத்த சட்டையைத்தான் பிறகு வந்த இணையத்துக்கும் மாட்டிவிட்டார்கள். சிறு ஊர்களுக்கு இணையம் ஒடுங்கிய உருவில் வந்ததற்கு இது முதன்மையான காரணம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொலைபேசி கடத்தும் குரலின் அதிர்வெண் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை. பாதுகாப்பு இடைவெளியோடு 4,000 என்று கொண்டால், அதன் இருமடங்காக நொடிக்கு 8,000 முறை குரலை அளக்க வேண்டும். ஓர் அளவுக்கு 8 பிட் என்றால் வருவது 64,000. பிரிட்டிஷ் பொறியாளர் அலெக் ரீவ்ஸ் 1937-இல் கண்ட இந்த முறையை 1962-இல் அமெரிக்காவின் பெல் நிறுவனம் டி1 தடமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதில் 24 குரல்களுக்கு 192 பிட், ஒத்திசைவுக்கு ஒரு பிட், ஆக 193. நொடிக்கு 8,000 முறை என்றால் 1.544 மெகாபிட். ஐரோப்பியர் வகுத்த ஈ1 தடத்தில் 8 பிட் கொண்ட 32 அறைகள், 256 பிட், 2.048 மெகாபிட். கம்பிக்கு இதில் பங்கே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. டி1 தடத்தில் சமிக்ஞையைப் புதுப்பிக்கும் கருவிகள் ஏறக்குறைய 6,000 அடிக்கு ஒன்றாக, குரல் தேயாமல் காக்க முன்பு வைத்த சுமைச்சுருள்கள் இருந்த இடங்களிலேயே அமைந்தன. அந்தத் தொலைவை ஒரே மூச்சில் கடக்கக்கூடிய வேகமே தேர்வானது. ஆனால் கம்பி முடிவு செய்தது ஒரு தடத்தில் எத்தனை குரல் என்பதைத்தான். ஒரு குரலுக்கு எவ்வளவு இடம் என்பதை அது முடிவு செய்யவில்லை.

இந்தியா தேர்ந்தது ஈ1. எல்லாக் குரல்களின் ஓர் அளவையும் அடக்கிய ஒரு சுற்றே சட்டகம்; ஈ1-இல் அதன் ஆயுள் 125 மைக்ரோ நொடி. அதற்குள் 32 அறைகள் வரிசையாகக் கடந்துபோகின்றன. பூஜ்ய அறை ஒத்திசைவுக்கு, 16-ஆம் அறை யார் யாரை அழைக்கிறார் என்ற சமிக்ஞைக்கு. பேச்சுக்கு மிஞ்சுவது 30. டி1 சமிக்ஞைக்கெனத் தனி அறை ஒதுக்காமல் ஆறு சட்டகங்களுக்கு ஒருமுறை குரலின் கடைசி பிட்டைத் திருடிக்கொள்கிறது. அதனால் அங்கே தரவுக்கு நம்பகமாகக் கிடைத்தது 56 கிலோபிட்தான். ஈ1 தடத்தில் 64 முழுதாகக் கிடைத்தது. என் மதிப்பீட்டில், இரண்டு தடங்களையும் ஒப்பிடும்போது மொத்த வேகத்தைவிட இந்த நேர்மையான அறை ஒதுக்கீடே பெரிய வேறுபாடு. அதே ஒதுக்கீட்டில் ஒரு குறையும் உண்டு. இருவரும் பேசாமல் மௌனமாக இருந்தாலும் அறை அவர்களுடையதே. 30 அறைகளும் நிரம்பிவிட்டால், திருவிழா நாளில் 31-ஆவதாக அழைப்பவருக்குக் கிடைப்பது தடத்தில் இடமில்லை என்ற அறிவிப்புக் குரல் மட்டுமே.

1984 ஆகஸ்டில் தொடங்கிய, அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட், 1986-இல் கர்நாடகத்தின் கிட்டூரில் தன் முதல் கிராமப்புற எக்ஸ்சேஞ்சை இயக்கியது. 128 முனைகள் கொண்ட, குளிரூட்டி தேவைப்படாத இந்த வகைப் பெட்டிகள் நாடெங்கும் சிற்றூர்களுக்குப் போயின. அவையும் உத்தரப் பிரதேசத்தின் மன்காபூரில் தயாரான பிரெஞ்சு வடிவமைப்பு எக்ஸ்சேஞ்சுகளும் ஒன்றோடொன்று பேச முடிந்தது 64 கிலோபிட் என்ற பொது அளவினால்தான். ஆகவே 64 என்பதைப் பிழை என்று சொல்வது நியாயமாகாது. அதைக் குரலுக்கு அப்பாலும் சட்டமாக்கியதே சிக்கல்.

1995 ஆகஸ்ட் 15-இல் அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொது இணையத்தைத் தொடங்கியபோது தரவு குரல் வேடமிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. மோடம் எழுப்பிய கீச்சொலி அந்த வேடம்தான். பின்னாளில் அது எட்டிய உச்சம் 56 கிலோபிட். பயனரிடமிருந்து மேலே செல்ல பொதுவாக 33.6. அதே இணைக் கம்பியில் ஐஎஸ்டிஎன் என்ற டிஜிட்டல் இணைப்பு 144 கிலோபிட் கொடுத்தது: இரண்டு 64, ஒரு 16. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் தொடங்கிய பிராட்பேண்ட் சேவையின் ஏடிஎஸ்எல் முறையோ, அதே கம்பியில் பல மெகாபிட் தரவல்லது. மாறியது கம்பி அல்ல. குரலுக்கு மேற்பட்ட அதிர்வெண்களையெல்லாம் வெட்டியெறியும் எக்ஸ்சேஞ்ச் அட்டையைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி திறந்தது, அவ்வளவுதான். கிராமத்துக் கம்பி நீளமானது, இணைப்புகளில் பச்சை பூத்தது, மழைக்கு இரைவது என்ற மறுப்பு உண்மையே. நான்கைந்து கிலோமீட்டர் தாண்டினால் ஏடிஎஸ்எல் தளர்ந்துவிடும். ஆனால் எக்ஸ்சேஞ்சுக்கு அரை கிலோமீட்டரில், நல்ல கம்பி வைத்திருந்த வீட்டிலும் மோடத்தின் உச்சம் அதே 56-தான். கம்பியே தடை என்றால் அந்த வீடாவது தப்பியிருக்க வேண்டும்.

2004-ஆம் ஆண்டு பிராட்பேண்ட் கொள்கை குறைந்தபட்ச வேகத்தை 256 கிலோபிட் என்று வரையறுத்தது. 2013-இல் அது 512 ஆனது. நான்கு குரல், எட்டுக் குரல். இவை கணினி உலகின் இரண்டின் அடுக்குகள், தற்செயல் ஒற்றுமை என்று வாதிடலாம். ஆனால் கணினிக் கணக்கில் 64 கிலோ என்பது 65,536. தொலைபேசித் தடத்தில் அது சரியாக 64,000. வாடகைத் தடங்களின் கட்டணப் பட்டியலும் 64 கிலோபிட்டில் தொடங்கி, ஈ1 வழியாக, 63 ஈ1 தடங்களை அடக்கும் 155 மெகாபிட் எஸ்டிஎம்-1 தடம் வரை அதே ஏணியில்தான் ஏறியது. இன்று 4ஜி கைபேசியில் 7,000 ஹெர்ட்ஸ் வரை தெளிவாகக் கேட்கும் குரல் 24 கிலோபிட்டுக்குள் அடங்கிவிடுகிறது. எந்தக் குரலுக்காக 64 வகுக்கப்பட்டதோ, அந்தக் குரலுக்கே அவ்வளவு இடம் இப்போது தேவைப்படவில்லை.