இரத்தப் புற்றுநோய் மருந்தும் சென்னை வழக்கும்

நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயை அடக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு 2001இல் அமெரிக்கா அனுமதி தந்தது. வழக்கு நடந்த காலத்தில் இந்தியாவில் நோவார்டிஸின் மருந்து மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாயாக இருந்தது. உள்நாட்டு மருந்தோ சுமார் 8,000 ரூபாயாகத்தான் இருந்தது.

நோவார்டிஸ் கேட்ட காப்புரிமையை நோயாளிகள் சங்கமும் உள்நாட்டு நிறுவனங்களும் எதிர்த்தன. அறிந்த மருந்தின் புதிய படிக வடிவம், கூடுதல் பலன் தராவிட்டால், புதுக் கண்டுபிடிப்பு ஆகாது என்பது சட்டம். 2006 ஜனவரியில் சென்னை காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. அந்தச் சட்டப்பிரிவை எதிர்த்த மனுவைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007இல் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றமும் நோவார்டிஸுக்குக் காப்புரிமை இல்லை என்றது.

நோயும் சும்மா இருக்கவில்லை. மருந்துக்கு அடங்காத புற்றுச்செல்கள் வெளியிடும் நுண்பைகள், அந்தக் குணத்தை மற்ற செல்களுக்கும் கடத்துவதை ஆய்வுக்கூடங்களில் கண்டுள்ளனர். இதைத் தடுக்கும் மருந்து நாளை வந்தால், அதுவும் ஏழைக்கு எட்டும் விலையில் வேண்டுமே!