புதுவைப்பு மண்

தோப்பும்படி என்னும் பெயர் தமிழர் செவியில் விழுந்தவுடன், மரநிழலும் படித்துறையும் மனத்தில் தோன்றும். கொச்சியில் மட்டாஞ்சேரியை அடுத்துள்ள இவ்வூரில் இன்று நாம் காண்பதோ மீன்பிடித் துறைமுகமும், பேருந்து நெரிசலும், வில்லிங்டன் தீவுக்குச் செல்லும் பழைய பாலமுமே. அப்பாலத்தின் மேல் ஒருநாள் விடியற்காலையில் நின்று காயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீரும் காற்றும் நீர்க்காகமும் இருந்தன. இவை இயற்கை என்பதில் ஐயமில்லை. ஆனால் எதிரேயிருந்த தீவு?

அதை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். சங்க காலத்தில் சேரநாட்டின் பெருந்துறை கொச்சி அன்று. வடக்கே பெரியாற்று முகத்தில் இருந்த முசிறியே. யவனர் மரக்கலங்கள் மிளகை நாடி அங்கு வந்ததைச் சங்கப் பாடல்கள் சொல்லும். 1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்து, பழைய முகம் தூர்ந்து, கொச்சிக் கழிமுகம் அகன்று ஆழமாயிற்று என்பது வழிவழியாக வரும் செய்தி. ஒரே வெள்ளம் இத்தனையும் செய்ததா, பல வெள்ளங்களின் வேலையா என்பதில் அறிஞர்க்குள் கருத்து வேற்றுமை உண்டு. அது எவ்வாறாயினும், அக்காலத்தில் ஒதுங்கிய மண்ணாலே வைப்பீன் கரை உருவாயிற்று என்று மக்கள் நம்பினர். அந்த ஆண்டையே முதலாகக் கொண்டு புதுவைப்பு என்று ஓர் ஆண்டுக் கணக்கும் அங்கு வழங்கிற்று. மன்னர் முடிசூடிய நாளிலிருந்து ஆண்டு எண்ணுவதை நாம் அறிவோம். மண் வந்து படிந்த நாளிலிருந்து காலத்தை எண்ணிய மக்களை வேறெங்கும் நான் கேள்வியுற்றதில்லை.

வெள்ளம் திறந்த வாயில் பெரிய நீராவிக் கப்பல்களுக்குப் போதவில்லை. கழிமுகத்துக்கு வெளியே கெட்டியான மணல்திட்டு ஒன்று கடலடியில் குறுக்கே கிடந்தது. கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்க, சரக்கைப் படகுகளில் ஏற்றி இறக்கினர். 1920-இல் சென்னை ஆளுநர் வில்லிங்டன் பிரபுவின் ஏற்பாட்டால் இராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் வந்து சேர்ந்தார். திட்டை வெட்டும் எண்ணம் அவருக்கு முன்பே பிறர்க்கும் இருந்தது. வெட்டினால் அலை புகுந்து வைப்பீன் கரையை அரித்துவிடுமே என்னும் அச்சமே தடையாயிருந்தது. அந்த அச்சத்தைப் பிரிஸ்டோ அறியாமை என்று தள்ளவில்லை என்பதே அவரிடம் நான் மதிக்கும் பண்பு. அலையின் போக்கை ஆராய்ந்து, கருங்கல் அணைகளை இட்டு அக்கரையைக் காத்தார். பின்னரே வழி வெட்டப்பட்டது. 1928-இல் 'பத்மா' என்னும் கப்பல் உட்துறைமுகத்துள் நுழைந்தது. தோண்டிய மண்ணைக் காயலில் கொட்டி ஏறத்தாழ 780 ஏக்கர் நிலம் ஆக்கினர்; அதுவே வில்லிங்டன் தீவு. 1935-இல் இலண்டன் வானொலியில் பேசிய பிரிஸ்டோ, கடலடியிலிருந்து எடுத்து ஆக்கிய தீவில் தாம் குடியிருப்பதைப் பெருமிதத்தோடு உலகுக்கு அறிவித்தார்.

முன்னது ஆறு இட்ட மண். பின்னது பொறி இட்ட மண். இரண்டிலும் மரம் வளர்ந்திருக்கிறது, பறவை கூடு கட்டியிருக்கிறது. கண்ணால் வேறுபாடு காண இயலாது. காடும் மலையுமே இயற்கை என்று எண்ணி, பார்த்து மகிழ்வதற்காக அங்குச் சென்று திரும்பும் நம்மைப் போன்றவர்க்குத்தான் இக்கேள்வி. காயலோரத்தார்க்கு இயற்கை என்பது காலின்கீழ் மண் நாளையும் இருக்குமா என்பதே. 1341-இல் வழி திறந்ததாகச் சொல்லப்படும் அதே பெரியாறு, 2018 ஆகஸ்டில் பெருகி நெடும்பாசேரி விமான நிலையத்தை இரு வாரம் மூடச் செய்தது.

தோப்பும்படிக்குத் தெற்கே கடலோரமாகச் சென்றால் கண்ணமாலியும் செல்லானமும் வரும். பருவமழைக் காலத்தில் கடலேற்றம் அங்கு வீட்டுக்குள் மணலும் உப்புநீருமாகப் புகும். சமையற்கட்டில் மணலை வாரிக் கொட்டுவது அங்குப் பெண்களுக்கு ஆண்டுதோறும் வரும் வேலை. செல்லானத்தில் ஏழு கிலோமீட்டர் அளவுக்கு நாற்கால் கற்காரைக் கட்டிகளை அடுக்கிய சுவர் 2023-ஆம் ஆண்டளவில் எழுந்தது. சுவர் எட்டாத கண்ணமாலிப் பக்கத்தில் அதன் பின்னரும் கடல் ஏறிற்று. துறைமுகக் கால்வாயைத் தொடர்ந்து தோண்டுவதே தம் கரை தேய்வதற்குக் காரணம் என்று அவ்வூரார் பலர் கூறுகின்றனர். வேறு காரணங்களைக் காட்டுவோரும் உளர். அம்மக்கள் எழுப்பிய கோரிக்கைகளுள் ஒன்று மிக எளியது: தோண்டி எடுக்கும் மண்ணைக் கொண்டுவந்து எங்கள் கரையில் இடுங்கள் என்பது.