பாட்டு போகும் பாதை

கிளாஸ்கோவில் வேலை பார்க்கும் என் நண்பன் முதல் தடவையாக செல்டிக் – ரேஞ்சர்ஸ் ஃபுட்பால் மேட்ச் பார்க்கப் போயிருக்கிறான். அன்று ராத்திரி போன் பண்ணினான். மேட்ச் பற்றி ரெண்டே வரி சொன்னான். மீதி முழுக்கப் பாட்டு பற்றித்தான். ஆயிரக்கணக்கான பேர் ஒரே குரலில் பாடுவதைக் கேட்டு மயங்கிப்போய் இவனும் வாயசைத்திருக்கிறான். பக்கத்தில் இருந்த பெரியவர், “இங்க பாடுறது சரி, இதைத் தெருவில் போகும்போது முணுமுணுக்காதே”ன்னு எச்சரித்தாராம். “நம்ம ஊர்ல இதுக்கு ஈடா என்னடா இருக்கு?” என்று கேட்டான். யோசிக்காமல் “மரக்காணம்” என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். அந்த யோசனைதான் இந்தக் குறிப்பு.

முதலில் அந்த ஊர்க் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரேஞ்சர்ஸ் 1872-இல் தொடங்கியது. செல்டிக் 1887-இல், கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதி ஏழைகளுக்குப் பணம் திரட்ட பிரதர் வால்ஃபிரிட் என்ற ஐரிஷ் துறவி ஆரம்பித்தது. 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பிறகு அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய கத்தோலிக்கர்கள் ஒரு பக்கம், புராட்டஸ்டண்டுகள் மறுபக்கம் என்று ரசிகர் கூட்டம் பிரிந்தது. பெயர் சொல்லத்தக்க ஒரு கத்தோலிக்க ஆட்டக்காரரை ரேஞ்சர்ஸ் சேர்த்துக்கொண்டதே 1989-இல்தான், மோ ஜான்ஸ்டன். 2008-இல் பஞ்சத்தில் வந்தவர்களின் வாரிசுகளை ஊருக்குத் திரும்பிப் போகச் சொல்லும் ஒரு பாட்டு மைதானங்களில் கிளம்பியது. அது இனவெறிப் பாட்டு என்று 2009-இல் ஸ்காட்லாந்து உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2012 மார்ச் 1 முதல் இதற்கென்றே ஒரு தனிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதிகபட்சம் ஐந்தாண்டு சிறை. எந்தப் பாட்டு அரசியல், எந்தப் பாட்டு வெறுப்பு என்று யார் முடிவு செய்வது என்ற சண்டை ஓயவே இல்லை. 2018 மார்ச்சில் 62-க்கு 60 என்ற வாக்கில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தது.

அந்தச் சட்டத்தில் ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. மைதானத்துக்குள் பாடுவது மட்டுமல்ல, மேட்சுக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் பாடுவதும் அதில் வரும். பயணத்தையும் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். நான் மரக்காணம் என்று சொன்னதற்குக் காரணமும் அதுதான்.

2013 ஏப்ரல் 25, சித்திரைப் பௌர்ணமி. பாட்டாளி மக்கள் கட்சியும் வன்னியர் சங்கமும் மாமல்லபுரத்தில் இளைஞர் விழா நடத்தின. பல மாவட்டங்களிலிருந்து வண்டி வண்டியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆட்கள் போனார்கள். மரக்காணம் அந்த வழியில்தான் இருக்கிறது. கடலுக்கும் கழுவேலிக்கும் நடுவே, பக்கிங்காம் கால்வாய் ஓடிவந்து முடியும் இடம். வெள்ளை வெள்ளையாக உப்பளம். அன்று அங்கே கட்டையன் தெரு அருகே மோதல் மூண்டது. தலித் மக்களின் வீடுகள் எரிந்தன, சாலையில் வண்டிகள் எரிந்தன, போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. விழாவுக்குப் போனவர்களில் இரண்டு பேர் இறந்தார்கள். அது கொலை என்றது கட்சி, விபத்து என்றது காவல்துறை. வண்டியில் போனவர்கள் கேவலமாகக் கத்திக்கொண்டு வந்தார்கள் என்றார்கள் தெருக்காரர்கள். எங்கள் ஆட்களைத்தான் வழிமறித்துத் தாக்கினார்கள் என்றது எதிர்த்தரப்பு. ஏப்ரல் 30-ஆம் தேதி டாக்டர் ராமதாஸ் விழுப்புரத்தில் கைது செய்யப்பட்டார். பிறகு பல நாள் வடமாவட்டங்களில் பஸ் ஓடுவதே சிரமமாகிவிட்டது.

யார் முதலில் கல்லெடுத்தார்கள் என்பதை இங்கே நான் தீர்க்கப்போவதில்லை. எனக்கு உறுத்துவது வேறு. வண்டி போகும், கோஷம் எழும், தெரு எழுந்து நிற்கும். இந்த வரிசை எனக்கு ரொம்ப முன்னாடியே தெரியும்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எங்கள் ஊர் அம்மன் திருவிழா. டிராக்டரில் ரேடியோ செட் கட்டி, சீரியல் பல்பு போட்டு ஊர்வலம். காலனி முனை வந்ததும் டிராக்டரை நிறுத்தினார்கள். சாமி காலனிக்குள் போகாது, அது எங்களுக்கு எல்லாருக்கும் தெரியும். பின்னே எதற்கு நிறுத்தினார்கள்? “சவுண்ட் ஏத்துடா” என்றார் ஒரு அண்ணன். சாதிப் பெருமை பாடும் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நானும் ஆடினேன். பெருமையாகவே இருந்தது. அந்தப் பாட்டில் யாரையும் திட்டி ஒரு சொல்கூட கிடையாது. காலனி முனையில் என் வகுப்புத் தோழன் அவன் பாட்டியோடு நின்றுகொண்டிருந்தான். நான் கையாட்டினேன், அவன் ஆட்டவில்லை. திங்கட்கிழமை வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டான்.

பாட்டும் தெருவும் சேர்ந்த இந்தச் சண்டை நம்ம பக்கம் ரொம்பப் பழசு. பழைய வழக்குகளைப் புரட்டினால் திரும்பத் திரும்ப இதுதான் வருகிறது. 1882 ஆகஸ்டில் சேலத்தில் மேளதாளத்தோடு போகும் ஊர்வலமும் வழியிலிருந்த மசூதியும் சம்பந்தப்பட்ட தகராறு பெரிய கலவரமாகி, மசூதியே இடிக்கப்பட்டது. அதில் குற்றம் சாட்டப்பட்ட சி. விஜயராகவாச்சாரியார் தண்டிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் விடுதலையாகி, 1920-இல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைவரானது தனிக்கதை. இந்தச் சேலம் தகராறையொட்டி வந்த ஒரு வழக்கில் 1883-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைச் சொன்னது. பொதுத்தெருவில் இசையோடு ஊர்வலம் போகும் உரிமை எல்லாருக்கும் உண்டு. ஆனால் பிறர் வழிபாட்டுக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது. அமைதி கெடும் என்றால் மாஜிஸ்திரேட் தலையிடலாம். கவனித்தீர்களா? என்ன பாட்டு என்று நீதிபதிகள் கேட்கவில்லை. எங்கே, எப்போது என்றுதான் கேட்டார்கள்.

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் கதை இன்னும் விசித்திரம். பிரபந்தம் ஓதும் கோஷ்டியில் யார் நிற்பது, ஆரம்பத்தில் எந்த ஆசாரியரைப் போற்றும் சுலோகத்தைச் சொல்வது என்று வடகலையாரும் தென்கலையாரும் தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டுக்கு நடக்கிறார்கள். ஒரு சுலோகம் மணவாள மாமுனிகளைப் போற்றுவது, மற்றது வேதாந்த தேசிகரைப் போற்றுவது. ரெண்டிலும் வசவு கிடையாது. இருந்தாலும் பெருமாள் முன்னாலேயே கைகலப்பு நடந்திருக்கிறது.

யாருக்குப் பாட்டே கூடாது என்பதற்கும் சட்டம் போட்டிருக்கிறார்கள். சர்க்கார் சட்டம் இல்லை, ஊர்ச் சட்டம். 1930-31-இல் ராமநாதபுரம் பக்கம் ஆதிதிராவிடர்கள்மேல் ஆதிக்கச் சாதியினர் விதித்த தடைகளை ஜே. எச். ஹட்டன் தன் புத்தகத்தில் பட்டியலாகவே கொடுத்திருக்கிறார். கல்யாணத்திலும் மற்ற விசேஷங்களிலும் மேளம் வைக்கக் கூடாது, கல்யாண ஊர்வலத்தில் குதிரை கூடாது என்று போகிறது அந்தப் பட்டியல். மாப்பிள்ளை ஊர்வலம் யாரையும் திட்டுவதில்லையே? அப்புறம் ஏன் தடை? அந்த மேளச் சத்தம், “இது எங்க தெருவும்தான்” என்று சொல்கிறது. தடை போட்டவர்களுக்கு அது நன்றாகவே காதில் விழுந்திருக்கிறது.

இந்தக் கோணத்தில் பார்த்தால் ஸ்காட்லாந்துச் சட்டம் எங்கே சிக்கியது என்று கொஞ்சம் புரிகிறது. சட்டம் பயணத்தைத் தொட்டது உண்மைதான். ஆனால் சண்டை முழுக்கப் பாட்டின் சொற்களைச் சுற்றியே நடந்தது. ஒரு சொல்லைத் தடுத்தால், சொல்லே இல்லாமல் மெட்டை மட்டும் ஹம் பண்ணலாமே. நம்ம சட்டமும் அப்படித்தான். ஆபாசப் பாட்டைப் பொது இடத்தில் பாடினால் குற்றம் என்று 1860-லேயே இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294-ஆம் பிரிவு சொன்னது. சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ரெண்டும் தேவைதான். ஆனால் தன் சாதியைத் தானே புகழ்ந்து பாடுகிறவனை இவை என்ன செய்யும்? 1992-இல் வந்த ‘தேவர் மகன்’ படத்துப் பாட்டு ஒன்று தென்மாவட்டங்களில் சாதிப் பாட்டாகவே ஆகிப்போனது. அதில் வேறு சாதி பற்றிய பேச்சே கிடையாது. வீட்டில் கேட்டால் அது இளையராஜா பாட்டு. குருபூஜை வண்டியில் கட்டி, இன்னொரு தெரு முனையில் நிறுத்திப் போட்டால் அது சவால்.

கிளாஸ்கோவிலும் இதே கதை. ஆரஞ்ச் ஊர்வலங்கள் தேவாலயத்தைக் கடக்கும்போது மேளத்தை நிறுத்த வேண்டும் என்ற வழக்கம் அங்கே உண்டு. அப்படியும் 2018 ஜூலையில் கால்ட்டன் பகுதியில் ஊர்வலம் போகும்போது கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவர்மேல் எச்சில் துப்பினார்கள். அதற்குப் பிறகு நடந்த வாதமெல்லாம் பாட்டு பற்றி இல்லை, அந்தத் தேவாலயம் வழியாக ஊர்வலம் போகலாமா என்பது பற்றித்தான்.

மரக்காணம் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். நல்லியக்கோடனைத் தேடிப்போகும் பாணர்கள் இந்தக் கடற்கரை வழியாக நடக்கிறார்கள். நுளையர் வீட்டில் அவர்களுக்குத் தேறலும் சுட்ட குழல்மீனும் கிடைக்கிறது. பொற்காலம் என்று நான் புளகாங்கிதப்படவில்லை. அது புலவர் காட்டும் உலகம். ஆனால் பாடிக்கொண்டு போகிறவன் வாசலுக்கு வந்தால் சோறு போடலாம் என்கிற எண்ணம் இந்த வழியைப் பற்றிய பழம்பாட்டில் பதிவாகியிருக்கிறது. பாணன் அந்தத் தெருவில் விருந்தாளியாக நின்றான். எங்கள் டிராக்டர் அப்படி நிற்கவில்லை.

சித்திரை விழா 12 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2025 மே 11-இல் திருவிடந்தையில் நடந்தது. அன்று நான் மரக்காணம் வழியாகத்தான் போனேன். உப்பளத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. பாத்தியில் உப்பு வாருகிறவர்களில் ஊர்க்காரரும் உண்டு, காலனிக்காரரும் உண்டு. கால் புண்ணும் கண் கூசுவதும் ரெண்டு பேருக்கும் ஒன்றுதான்.

இந்தக் குறிப்பை எழுத ஆரம்பித்ததும் அந்தப் பழைய தோழனுக்குப் போன் பண்ணினேன். இப்போது அவனுக்குக் கல்யாண வயசில் பெண் இருக்கிறாள். சுற்றி வளைத்து அந்த ஊர்வலத்தைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

“என்ன பாட்டுன்னு ஞாபகம் இல்லடா. வண்டி நின்னுச்சு பாரு, அதுதான் ஞாபகம் இருக்கு. பாட்டி என்னை உள்ள இழுத்துட்டுப் போயிடுச்சு.”

நான் மன்னிப்புக் கேட்டேன். “விடுடா, பொண்ணு கல்யாணத்துக்கு வந்துடு” என்றான். மாப்பிள்ளை ஊர்வலம் எங்கள் பெரிய தெரு வழியாகப் போகுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அதை அவனிடம் கேட்பதில் என்ன இருக்கிறது? எங்கள் தெருவில்தான் கேட்க வேண்டும்.