துவாக்குடித் தகடும் ஆரல்வாய்மொழிக் காற்றும்

பல நூற்றாண்டுகள் மொட்டையாக நின்ற ஸ்ரீரங்கம் கோபுரம், 236 அடி ராஜகோபுரமாக நிமிர்ந்து 1987 மார்ச் 25 அன்று குடமுழுக்குக் கண்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை சுழலத் தொடங்கியிருந்தது. அந்நாளைய 55 கிலோவாட் இயந்திரங்களின் தூண்கள் ராஜகோபுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உயரம்தான். இன்று 140 மீட்டர் தூண்கள் வந்துவிட்டன. ராஜகோபுரத்தின் இரு மடங்கை நெருங்குகிற உயரம்.

இந்த வளர்ச்சிக்குக் காற்றையும் கணவாயையும் காரணம் சொல்வார்கள். நியாயம்தான். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு இடைவெளிகளில் நெருக்கிப் புகுந்து வேகமெடுக்கிறது. நாடு முழுக்கக் காற்றின் கணக்கைத் தொகுத்தவர் வானிலை அறிவியலாளர் அன்னா மணி. அது 1983இல் நூலானது. 1993க்குள் மின்வாரியம் 120 இயந்திரங்களை, 19.355 மெகாவாட் திறனில், நிறுவிப் பார்த்துவிட்டது.

பிறகு தனியார் வந்தார்கள். காற்றாலையில் போட்ட முதலை முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழிக்க 1990களில் வருமான வரி விதிகள் இடம் தந்தன. ஆரல்வாய்மொழி அருகே முப்பந்தலில் எடுத்த மின்சாரத்தை வாரியக் கம்பி வழியே கோவை நூற்பாலைக்குக் கொண்டுபோகவும் வழி இருந்தது. நிலம் பார்ப்பது, இயந்திரம் நிறுத்துவது, பராமரிப்பது எல்லாவற்றையும் ஒரே நிறுவனம் முடித்துக் கொடுக்கும் முறை இப்படி வேர்விட்டது. குஜராத்தில் துணி ஆலை நடத்தி மின்செலவில் திண்டாடிய துளசி தாந்தி, 1995இல் தொடங்கிய சுஸ்லான் காற்றாலை நிறுவனத்தை அந்த முறையில்தான் வளர்த்தார்.

ஆனால் தூணை வளைத்தவர்கள் யார்?

1965இல் செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு திருச்சியை அடுத்த திருவெறும்பூரில் பெல் (BHEL) கொதிகலன் ஆலை எழுந்தது. 1975இல் அங்கேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் வந்தது. துவாக்குடி வரை, பெல்லுக்கு வேலை செய்து கொடுக்கும் பட்டறைகள் பெருகின. கனத்த தகட்டை ரோலிங்கில் வளைத்து, வெல்டிங் செய்து, மூட்டுக்குள் விரிசல் உண்டா என்று சோதிப்பது அந்தப் பட்டறைக்காரர்களுக்கு அன்றாட வேலை. காற்றாலைத் தூணுக்கும் வேண்டியது அதே கைத்திறன்தான். வளைத்த வளையங்களை ஒன்றோடொன்று பற்றவைத்து, பகுதி பகுதியாக லாரியில் ஏற்றி, களத்தில் போல்ட் முடுக்கி நிறுத்துகிறார்கள். பெல் ஆர்டர் வற்றிய காலங்களில் இந்தப் பட்டறைகள் சிலவற்றுக்குக் கைகொடுத்த வேலைகளில் காற்றாலைத் தூணும் ஒன்று. நிலக்கரியை எரிக்கும் கொதிகலனையும் நிலக்கரி வேண்டாத காற்றாலையின் தூணையும் ஒரே வட்டாரத்து வெல்டர்கள் செய்தார்கள் என்பது பெரிய செய்தி. காற்றாலை வரலாற்றில் முதலீட்டாளருக்குக் கிடைத்த பக்கங்களில் பாதியாவது அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

2024இல் தமிழ்நாடு அரசு பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கும் கொள்கையை வெளியிட்டது. சிறிய இயந்திரங்கள் இறங்கிய இடத்தில் உயர்ந்தவை ஏறும்போது, அந்தத் தகட்டு வேலை தங்களுக்கு வர வேண்டும் என்று கேட்கத் துவாக்குடிப் பட்டறைகளுக்கு முழு உரிமை உண்டு.