32 பக்கத்தில் ஒரு சாகுந்தலம்



மலர்க்குழு என்னிடம் "வரலாறு ஏதாவது எழுது" என்றது. ராஜாக்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது நம்மைப் போல் தொழில்நுட்பம் படித்த ஒருவரைப் பற்றி.

நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவன் நான். பத்தாம் வகுப்பில் புத்தகக் கண்காட்சியில் வாங்கிய 'சகுந்தலா' அமர் சித்திரக் கதையை, மைன்ஸில் நைட் ஷிப்ட் முடித்து வந்த அப்பா பிடுங்கி வைத்துவிட்டார். "பொம்மை பார்த்துக்கிட்டிருந்தா இன்ஜினியர் ஆயிடுவியா?" என்றார். அதோடு நான் படம் வரைவதும் நின்னு போச்சு.

அந்த வரிசையைத் தொடங்கிய அனந்த் பை, 1929-ல் கார்க்களாவில் பிறந்தவர். பம்பாயில் வேதித் தொழில்நுட்பம் படித்தார் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்! படிப்புக்குப் பின் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' நிறுவனத்தில் இந்திரஜால் காமிக்ஸ் வேலை. 1967-ல் டில்லி தொலைக்காட்சி வினாடி வினாவில் கிரேக்கப் புராணத்துக்கு டக்கென்று பதில் சொன்ன மாணவர்கள், ராமனின் தாய் யார் என்றதும் விழித்தார்கள். அதைப் பார்த்துத்தான் இந்தியா புக் ஹவுஸ் மூலம் அமர் சித்திரக் கதையை ஆரம்பித்தார். ராம் வாயீர்கர் வரைந்த 'கிருஷ்ணா' வந்தது. பின்னால் காளிதாசரின் சாகுந்தலம், மாளவிகாக்னிமித்திரம், சூத்ரகரின் மிருச்சகடிகம் எல்லாம் படக்கதை ஆயின.

ஏழு அங்க நாடகம் 32 பக்கத்தில்! பத்து அங்க மிருச்சகடிகத்துக்கும் அதே 32 தான். சுலோகம் போய்விடும், கதையும் முகபாவமும் பலூனில் நாலு வார்த்தையும் மிஞ்சும். நாடகத்தைக் கெடுத்துட்டாங்க என்று சொன்னால் அதில் நியாயம் உண்டு. ஆனால் மகாபாரதச் சகுந்தலை கதையில் துர்வாசர் சாபமும் இல்லை, மோதிரமும் இல்லை. அங்கே துஷ்யந்தன் தெரிந்தே மறுக்கிறான். அசரீரி சொன்ன பிறகே ஏற்கிறான். அந்தப் பழங்கதையை மேடைக்காக மாற்றியவர்தானே காளிதாசரும்?

அனந்த் பை 2011 பிப்ரவரி 24-ல் காலமானார்.

ரிடையர் ஆகி வடலூரில் இருக்கும் அப்பாவிடம் போன பொங்கலுக்கு இதையெல்லாம் சொன்னேன். பேசாமல் எழுந்து போய், பீரோவிலிருந்து அதே 'சகுந்தலா'வை எடுத்து வந்தார். "பரீட்சை முடிஞ்சதும் தரலாம்னு வெச்சேன்பா. மறந்தே போச்சு."

மறுநாளே பென்சில் வாங்கினேன். கை இன்னும் சரியா வரலை, விடுவதாக இல்லை.

நம் கல்லூரித் தம்பி தங்கைகள் நோட்டு ஓரத்தில் ஏதாவது கிறுக்கினால், தயவுசெய்து அதட்டாதீங்க.