வெள்ளித் தகடும் முதல் குண்டும்

புதிதாகக் கைக்கு வந்த வேட்டைத் துப்பாக்கியை ஏந்துகிற எவரும் சுட்டுப் பார்ப்பதற்கு முன்னால் ஒன்றைச் செய்வார். அதன் தாழ்ப்பாளைத் திறந்து மூடிப் பார்ப்பார். கைப்பிடியை உயர்த்திப் பின்னால் இழுத்து, மீண்டும் முன்னால் தள்ளி, கீழே இறக்குவது. மொத்தம் நான்கு அசைவுகள். நேர்த்தியாகச் செய்யப்பட்ட துப்பாக்கியில் எஃகின் மேல் எஃகு வழுக்கிச் செல்லும் அந்தச் சிறு ஓசையும், இறுதியில் எல்லாம் ஓரிடத்தில் பொருந்தி நிற்கும் உறுதியும் சுடத் தெரியாதவரையும் கவர்ந்துவிடும். எண்ணெய் மணம், வால்நட் மரத்தின் ரேகைகள், தோளில் சரியாக அமரும் கட்டை என்று பிற இன்பங்களும் உண்டு. எனினும் 'போல்ட் ஆக்‌ஷன்' எனப்படும் இந்த வகையின் உயிர் அந்தத் தாழ்ப்பாளில்தான் இருக்கிறது. 'போல்ட்' என்ற சொல்லுக்கே கதவுத் தாழ்ப்பாள் என்ற பொருளும் உண்டு.

முதல் பார்வையில் துப்பாக்கி தன் அழகை மட்டுமே காட்டும். அது எங்கிருந்து வந்தது, எதற்காகச் செய்யப்பட்டது, யாருடைய கணக்கை எழுதப்போகிறது என்பதெல்லாம் அந்த மெருகுக்கு அடியில் மறைந்திருக்கும். இதை விளங்கிக்கொள்ள ஒரு குறிப்பிட்ட துப்பாக்கியின் வரலாற்றைப் பார்க்கலாம். 1907 ஆம் ஆண்டு ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்த .275 ரிக்பி அது.

கார்பெட் அப்போது முப்பத்திரண்டு வயதுக்காரர். மொகாமா காட்டில், கங்கைக் கரையில், ரயில்வே சரக்குகளை மாற்றி ஏற்றும் வேலையை ஒப்பந்தத்துக்கு எடுத்து நடத்திவந்தார். குமாவுன் மலையில் சம்பாவத் பகுதியில் ஒரு பெண்புலி மனிதர்களைக் கொன்றுவந்தது. நேபாளத்தில் இருநூறு பேரைக் கொன்றபின் அங்கிருந்து துரத்தப்பட்டு இந்தியப் பக்கம் வந்த புலி. கார்பெட் தரும் கணக்கின்படி அது கொன்றவர்களின் மொத்த எண்ணிக்கை 436. அந்த ஆண்டில் அவர் அதைச் சுட்டு வீழ்த்தினார். ஐக்கிய மாகாணங்களின் லெப்டினன்ட் கவர்னர் சர் ஜான் ஹெவெட் அவருக்கு ஒரு புதிய துப்பாக்கியை வழங்கினார். சம்பாவத்தில் ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொன்றதைப் பாராட்டி வழங்கப்பட்டது என்று அதன் கட்டையில் ஒரு வெள்ளித் தகடு பதிக்கப்பட்டிருந்தது.

அந்தத் தகட்டைச் சற்று ஒதுக்கிவிட்டு, துப்பாக்கியின் உள்ளே பார்ப்போம். அதற்கு நாம் குமாவுனை விட்டு ஜெர்மனிக்குப் போகவேண்டும்.

கதவுத் தாழ்ப்பாளைப் போன்ற அமைப்பைப் போர்த் துப்பாக்கியில் வெற்றிகரமாகப் பொருத்தியவர் பிரஷ்யாவைச் சேர்ந்த யோஹான் நிக்கோலஸ் டிரைசே. அவருடைய ஊசித் துப்பாக்கியை 1841 இல் பிரஷ்ய ராணுவம் ஏற்றுக்கொண்டது. 1866 இல் கோனிக்ரேட்ஸ் போரில் அதன் பொருள் ஐரோப்பாவுக்குப் புரிந்தது. ஆஸ்திரிய வீரர்கள் குழலின் வாய்வழியாக மருந்தையும் குண்டையும் இடித்து நிரப்ப எழுந்து நிற்க வேண்டியிருந்தது. பிரஷ்ய வீரர்கள் தரையில் படுத்தபடியே தாழ்ப்பாளைத் திறந்து தோட்டாவை வைத்து மூடிச் சுட்டார்கள்.

இதை முழுமைக்குக் கொண்டுவந்தவர் நெக்கார் ஆற்றங்கரையில் உள்ள ஓபர்ண்டோர்ஃப் என்ற சிற்றூரின் பவுல் மவுசர். துப்பாக்கிக் கொல்லரின் மகன். ஏறத்தாழ முப்பதாண்டுகள் ஒரே பொருளைத் திருத்தித் திருத்தி, 1898 இல் தம் இறுதி வடிவத்தை அடைந்தார். தாழ்ப்பாளின் முன்புறத்தில் இரண்டு பூட்டுப் பற்கள்; அவை முறிந்தாலும் சுடுபவரைக் காக்கப் பின்புறத்தில் மூன்றாவது பல். தோட்டா வெடித்துக் கசியும் வாயு முகத்தில் அடிக்காமல் வெளியேறத் துளைகள். எல்லாவற்றுக்கும் மேலாக, தோட்டா அறையிலிருந்து மேலெழும் கணத்திலேயே தோட்டாவைப் பற்றி, வெற்றுக்கூடாக வெளியே எறியும்வரை விடாத நீண்ட எஃகுக் கொக்கி. பதற்றத்தில் கை தடுமாறினாலும் இந்தக் கொக்கி தடுமாறாது. இன்று விற்கப்படும் பெரும்பாலான வேட்டைத் துப்பாக்கிகளில் மவுசரின் இந்தச் சிந்தனை ஏதோ ஒரு வடிவில் இருந்துகொண்டிருக்கிறது. அமெரிக்க அரசே தன் 1903 ஆம் ஆண்டு ராணுவத் துப்பாக்கிக்காக மவுசர் நிறுவனத்துக்கு உரிமைத்தொகை செலுத்த நேர்ந்தது.

கார்பெட் பெற்ற துப்பாக்கி இந்த மவுசர் இயந்திரத்தின் மேல் கட்டப்பட்டது. குழலும் கட்டையும் குறிபார்க்கும் முள்ளும் லண்டனின் ஜான் ரிக்பி நிறுவனத்துடையவை. 1775 இல் டப்ளினில் தொடங்கப்பட்டுப் பின்னர் லண்டனுக்கு வந்த பழம்பெரும் நிறுவனம் அது. .275 என்ற எண்ணும் ஓர் ஆங்கில உடைதான். ஏழு மில்லிமீட்டரை அங்குலத்தில் சொன்னால் .275. ஸ்பானிய ராணுவத்துக்காக மவுசர் வடிவமைத்த 7 × 57 தோட்டாவையே ரிக்பி அந்தப் பெயரில் விற்றார்.

இந்தத் தோட்டாவை ஆங்கிலேயர்கள் முதலில் அறிந்துகொண்டது வேட்டைக்காட்டில் அல்ல. 1899 இல் தென்னாப்பிரிக்காவில் போயர் குடியரசுகள் ஜெர்மனியிலிருந்து வாங்கி வைத்திருந்தவை இதே அளவுள்ள மவுசர் துப்பாக்கிகள். ஐந்து தோட்டாக்களை ஒரே பட்டையாக அழுத்தி நிரப்பிவிடலாம். பிரிட்டிஷ் வீரரோ ஒவ்வொன்றாகப் போடவேண்டும். அந்த ஆண்டு டிசம்பரில் ஒரே வாரத்துக்குள் ஸ்டார்ம்பெர்க், மாகர்ஸ்ஃபாண்டைன், கொலென்சோ என மூன்று இடங்களில் பேரரசின் படை தோற்றது. கொலென்சோவில் விழுந்தவர்களைத் தூக்கிச் சென்றவர்களில் காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையினரும் உண்டு. ஆயிரத்து நூறு பேர் கொண்ட அந்தப் படையில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலின் ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்திலிருந்து சென்றவர்கள் என்பதை நினைத்தால், இந்த ஏழு மில்லிமீட்டர் குண்டின் வேலையைத் தமிழர்கள் எப்போது, எந்த நிலையில் கண்டார்கள் என்று ஊகிக்க முடியும்.

எட்டே ஆண்டுகள் கழித்து, எதிரியின் அந்தத் தோட்டா லண்டனில் ஓர் ஆங்கிலப் பெயரைப் பெற்று, ஓர் ஆங்கில ஆளுநரின் பரிசாக இமயமலை அடிவாரத்துக்கு வந்தது. போரின் நினைவு அதன் மெருகில் எங்கும் தெரியவில்லை.

கார்பெட்டின் கைகளில் அது எப்படி இருந்திருக்கும் என்பதை அவர் எழுதியவற்றைக் கொண்டே அறியலாம். சம்பாவத் புலியை வேட்டையாடச் சென்றபோது அவர் எடுத்துப் போனவை மூன்றே தோட்டாக்கள். இரண்டு முறைக்கு மேல் சுட வாய்க்காது, மூன்றாவது அவசரத்துக்கு என்பது அவர் கணக்கு. மூன்றும் தீர்ந்தன, புலி விழவில்லை. உடன் வந்திருந்த தாசில்தாரின் பழந்துப்பாக்கியை ஓடிப்போய் வாங்கிவந்து சுட்டார். அந்தக் குண்டு புலியின் திறந்த வாயைத் தவறவிட்டுப் பாதத்தில் பட்டது. அதைப் பின்னர் விரல் நகத்தாலேயே எடுக்க முடிந்ததாம். முன்பு பட்ட குண்டுகளின் காயத்தால்தான் புலி சரிந்தது. இந்த அனுபவத்துக்குப் பின் ஐந்து தோட்டாக்கள் உள்ளடங்கிய, ஏறக்குறைய மூன்றரைக் கிலோ எடையே உள்ள ஒரு துப்பாக்கி கைக்கு வந்தால் அதன் அருமை தெரியாமல் போகாது.

அந்த இலகுவான எடை 1930 ஏப்ரலில் அவர் உயிரைக் காத்தது. அறுபத்து நான்கு பேரைக் கொன்ற சௌகட் பெண்புலியைத் தேடிப்போனவர், வழியில் கண்ட இரண்டு பறவை முட்டைகளை இடக்கையில் வைத்திருந்தார். பாறை ஒன்றைச் சுற்றித் திரும்பியதும் எட்டடித் தொலைவில் புலி. வலக்கை ஒன்றாலேயே துப்பாக்கியை மெல்ல மெல்லச் சுழற்றி, தோளில் பொருத்தாமலே சுட்டார். கனமான துப்பாக்கியாக இருந்தால் அது நடந்திராது என்று அவரே சொல்கிறார்.

இதே தோட்டா இன்னொருவர் கையில் வேறு கதை எழுதியது. ஸ்காட்லாந்துக்காரரான டபிள்யூ. டி. எம். பெல் ஆப்பிரிக்காவில் தந்தத்துக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர். அவற்றுள் பெரும்பாலானவற்றை இந்தச் சிறிய ஏழு மில்லிமீட்டரால், மூளையைக் குறிபார்த்து வீழ்த்தினார். குறி தவறாத, இலகுவான கருவி ஒரு கையில் ஊரைக் காத்தது. இன்னொரு கையில் மந்தைகளை அழித்தது. கருவியின் நேர்த்தி இரண்டுக்கும் சமமாகவே உதவியது.

இப்போது வெள்ளித் தகட்டுக்குத் திரும்பலாம். இறந்துகிடந்த சம்பாவத் புலியின் வாயைத் திறந்து பார்த்த கார்பெட் ஒன்றைக் கண்டார். வலப்பக்கத்து மேல் கோரைப்பல் பாதியாகவும், கீழ்க் கோரைப்பல் எலும்புவரையும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் குண்டுக் காயம். இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் அது மனிதர்களிடம் வந்ததற்குக் காரணம் அதுவே என்று அவர் எழுதினார். எல்லா ஆட்கொல்லிகளும் குண்டடி பட்டவை அல்ல. முக்தேசர் புலியைக் கெடுத்தவை முள்ளம்பன்றியின் முட்கள். ஆனால் 436 உயிர்களைக் கொண்ட இந்தக் கதை தொடங்கியது யாரோ ஒருவர் சுட்டு, கொல்லாமல் விட்ட ஒரு குண்டில்தான்.

அந்த யாரோ ஒருவரின் பெயர் எந்தத் தகட்டிலும் இல்லை. பொழுதுபோக்குக்கு வந்த துரையாகவும் இருக்கலாம், பயிரைக் காக்க நின்ற உழவராகவும் இருக்கலாம். 1878 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமம் இன்றித் துப்பாக்கியை மறுத்தது; ஐரோப்பியர்களுக்கு விலக்களித்தது. சம்பாவத் வேட்டைக்கு ஆள் திரட்டியபோது, உரிமம் இல்லாத ஆயுதங்களைக் கண்டும் காணாமல் இருப்பதாகத் தாசில்தார் உறுதி கூற வேண்டியிருந்தது. அன்று ஏறத்தாழ முந்நூறு பேர் வெளியே எடுத்துவந்த ஆயுதங்களைக் கொண்டு ஓர் அருங்காட்சியகமே அமைத்திருக்கலாம் என்கிறார் கார்பெட். ஒளித்துவைத்த, துருவேறிய, குறி நம்ப முடியாத குழல்கள். அவற்றால் கொல்வது அரிது, காயப்படுத்துவது எளிது. நல்ல துப்பாக்கி சிலருக்கு மட்டுமே உரியதாக இருந்த நாட்டில், காயம்பட்ட புலியோடு வாழும் விதி மற்றவர்களுக்கு வாய்த்தது.

சில மாதங்கள் கழித்து நைனிடால் தர்பாரில் அரசு வழங்கிய மற்றப் பரிசுகளும் கவனத்துக்குரியவை. தாசில்தாருக்கு ஒரு துப்பாக்கி. புலியின் தடத்தைத் தேடிக் கார்பெட்டுடன் சென்ற மனிதருக்கு ஓர் அழகிய வேட்டைக் கத்தி. இரண்டிலும் எழுத்துப் பொறிக்கப்பட்டிருந்தது. துப்பாக்கியால் விளைந்த கேட்டைத் தீர்த்தவர்களுக்கு அரசுக்குக் கொடுக்கத் தோன்றியவை ஆயுதங்களே. இதில் யாருடைய தீய எண்ணமும் இல்லை. அந்தக் காலத்தின் கற்பனை அவ்வளவுதான் எட்டியது.

கார்பெட்டின் கற்பனை அதைத் தாண்டியது என்பதே அவரை இன்றும் நாம் வாசிப்பதற்குக் காரணம். ஆட்கொல்லிகளைத் தேடிப்போனபோது அந்த ரிக்பியைத் தொடர்ந்து எடுத்துச் சென்றார். 1926 இல், 125 பேரைக் கொன்ற ருத்ரபிரயாகைச் சிறுத்தையை ஒரு மாமரத்தின் மேலிருந்து சுட்டதும் அதனால்தான். அதன் பின்னங்காலிலும் ஒரு பழைய குண்டுக் காயம் இருந்தது. ஆனால் விளையாட்டுக்காகப் புலியைச் சுடுவதை விட்டு, கேமராவோடு காட்டில் காத்திருக்கத் தொடங்கினார். 1936 இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா ஹெய்லியின் பெயரில் அமைந்ததில் அவர் பங்கு உண்டு. அவர் 1955 இல் கென்யாவில் மறைந்தபின் அந்தப் பூங்காவுக்கு அவர் பெயரே இடப்பட்டது. 1972 கணக்கெடுப்பில் இந்தியாவில் எஞ்சியிருந்தவை 1827 புலிகள்; அவற்றைக் காக்க 1973 இல் புலிகள் திட்டம் தொடங்கப்பட்டதும் அந்தப் பூங்காவில்தான். 2022 கணக்கெடுப்பின் மதிப்பீடு 3682.

துப்பாக்கி நெடுங்காலம் அவருடைய பதிப்பாளர்களான ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தாரிடம் இருந்தது. 2015 இல் ரிக்பி நிறுவனமே அதைப் பெற்றுக்கொண்டது. மறு ஆண்டு அதைக் குமாவுனுக்கும் ஒருமுறை எடுத்துவந்தார்கள். படங்களில் பார்த்தால் கட்டையின் மெருகு கைபட்டுத் தேய்ந்திருக்கிறது. தகட்டில் கொடுத்தவர் பெயரும் பெற்றவர் பெயரும் இருக்கின்றன. புலியின் கோரைப்பற்களை உடைத்த முதல் குண்டைப் பற்றி அறிய விரும்புகிறவர் கார்பெட்டின் புத்தகத்தைத்தான் திறக்க வேண்டும். பரிசைப் பெற்ற மனிதர் அந்த உண்மையை மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார்.